யாரோடு விளையாடுவது? மறதிநோயும் வீடியோ கேமும் விழுப்புரத்து வீடுகளும்

1. ஒரு பழைய எண்ணிலிருந்து

உலகில் டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் கொண்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், அதாவது 66 விழுக்காட்டினர், வளரும் நாடுகளில் வாழ்கிறார்கள் என்பது ஒரு பழைய மதிப்பீடு. அந்நோய் பற்றிய ஆய்வுகளிலோ 10 விழுக்காடுகூட அப்போது அவர்களைப் பற்றியதாக இல்லை. இந்த முரணையே தன் பெயராக்கிக்கொண்ட 10/66 ஆய்வுக் குழு வீடுவீடாகச் சென்று கணக்கெடுத்து, 2008இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் முடிவுகளை வெளியிட்டது. தமிழ்நாட்டிலிருந்து சென்னை நகரமும் வேலூர் வட்டாரக் கிராமங்களும் அதில் இடம்பெற்றன.

அமெரிக்க மனநல மருத்துவர்களின் டிஎஸ்எம்-4 வரையறையின்படி, வேலூர்க் கிராமங்களில் 65 வயதைக் கடந்தவர்களுள் 0.3 விழுக்காட்டினருக்கு மட்டுமே மறதிநோய் இருந்தது. கியூபாவில் அதே வரையறை 6.3 விழுக்காட்டைக் காட்டியது. பள்ளிப்படிப்பும் பண்பாடும் குறுக்கிடாதபடி குழுவே உருவாக்கிய அளவுகோலைப் பயன்படுத்தியபோது, ஆய்வு நடந்த எந்த இடத்திலும் விகிதம் 5.6க்குக் கீழே போகவில்லை. நோய் இருந்தது, ஆனால் அது வீட்டாரின் வாயிலிருந்து வரவில்லை. ‘முன்பு செய்த வேலைகளை இப்போது செய்ய முடிகிறதா’ என்று உறவினரைக் கேட்டால், குறை என்று சொல்லும்படி எதுவும் அவர்களுக்குத் தெரியவில்லை.

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கிழவி மறந்துபோனால், மருமகள் அடுப்பை வாங்கிக்கொள்கிறாள். ரேஷன் கடைக்குப் போகும் வழி தடுமாறினால் பேரன் போய்வருகிறான். முதியோர் உதவித்தொகையை எண்ணிப் பார்க்க முடியாவிட்டால் மகன் எண்ணி முடிந்துவைக்கிறான். ஒவ்வொரு வேலையாகக் கையைவிட்டுப் போகப் போக, நோய் வெளிப்படுவதற்கான இடமும் சுருங்கிவிடுகிறது. ‘வயசாயிடுச்சி, சின்னப்புள்ள மாதிரி ஆயிட்டாங்க’ என்பதோடு பேச்சு முடிகிறது. இதில் அன்பு இருக்கிறது. அந்த அன்பே நோயை மூடியும் விடுகிறது.

விளையாட்டு ஆய்வுக்குரிய பொருளாவது இங்கேதான். எல்லா வேலைகளிலிருந்தும் ஓய்வு கொடுக்கப்பட்ட ஒருவரின் முன்னால் விளையாட்டு ஒன்றை வைத்தால், அவரிடம் மறுபடியும் எதையோ எதிர்பார்க்கத் தொடங்குகிறோம். அந்த எதிர்பார்ப்பு அவரை நிமிர்த்தவும் செய்யும், நாலுபேர் முன்னால் குறுகிப்போக வைக்கவும் செய்யும். வீடியோ கேம் இந்த இரண்டில் எதைச் செய்யும்? அவரைப் பார்த்துக்கொள்பவருக்கு அது என்ன தரும்?

வீடியோ கேமை மூளைக்கான மருந்தாக எடுத்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் ஏமாந்திருக்கிறார்கள் என்பது என் வாதம். அதன் பயன் நோயாளிக்கும் பராமரிப்பவருக்கும் நடுவில் இருக்கிறது; ஆகவே அதை வடிவமைப்பதும் அளப்பதும் அந்த நடுவிடத்தில்தான் நடக்க வேண்டும்.

2. மாவட்டத்தின் நிலை

‘அல்சைமர்ஸ் அண்ட் டிமென்ஷியா’ இதழில் 2023இல் வெளியான லாசி-டாட் ஆய்வின்படி, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு மறதிநோய் இருக்கிறது. ஆட்களாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 88 லட்சம். ஆண்களைவிடப் பெண்களுக்கும், நகரத்தாரைவிடக் கிராமத்தாருக்கும் விகிதம் கூடுதல்.

கள்ளக்குறிச்சி பிரிவதற்கு முந்தைய விழுப்புரம் மாவட்டத்தில், 2011 கணக்கெடுப்பின்படி, சுமார் 34.6 லட்சம் மக்கள் இருந்தனர். அவர்களில் 85 விழுக்காட்டினர் கிராமத்தார். எழுத்தறிவு 72 விழுக்காட்டை ஒட்டியிருந்தது; இன்று எழுபதைத் தொட்டிருக்கும் பெண்களைத் தனியே எடுத்தால் அது மிகவும் தாழ்ந்திருக்கும். பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி, இல்லையென்றால் புதுச்சேரி ஜிப்மர், அதற்கும் மேலே சென்னை. திண்டிவனத்திலிருந்து சென்னை நூறு கிலோமீட்டருக்கும் அதிகம். பேருந்தில் இடம் மாறினாலே பதறிப்போகும் ஒருவரை வாரம் இரண்டு முறை அவ்வளவு தூரம் அழைத்துப் போவது நடக்கிற காரியமில்லை. எனவே இங்கு எந்த உதவியும் வீட்டுக்குள் வந்து சேர்வதாக இருக்க வேண்டும்.

3. அளப்பது, பயிற்றுவது, சேர்ந்திருப்பது

‘டிமென்ஷியாவுக்கான வீடியோ கேம்’ என்ற தலைப்பின்கீழ், ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத மூன்று காரியங்கள் குழம்பிக் கிடக்கின்றன.

முதலாவது, நோயை அளக்கும் விளையாட்டு. 2016இல் வெளிவந்த ‘சீ ஹீரோ குவெஸ்ட்’ கைப்பேசியில் படகோட்டி வழி கண்டுபிடிக்கும் ஆட்டம். அதை 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆடினார்கள், அந்தத் தரவிலிருந்து லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியும் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகமும் மனிதரின் வழியறியும் திறனை ஆராய்ந்தன. நகரத்துக்கு வெளியே வளர்ந்தவர்கள் சராசரியில் நன்றாக வழி கண்டார்கள் என்று 2022இல் ‘நேச்சர்’ இதழ்க் கட்டுரை காட்டியது. செஞ்சிப் பக்கத்துக் கரம்பிலும் காட்டிலும் ஆடு மேய்த்து வளர்ந்தவரை நகரத்தாருக்கான அளவுகோலில் வைத்தால் தவறாகப் போகும் என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் அந்த ஆட்டம் ஆடியவருக்கு உதவுவதற்காகச் செய்யப்பட்டதல்ல, ஆய்வாளருக்கு உதவுவதற்காகச் செய்யப்பட்டது.

இரண்டாவது, மூளைப் பயிற்சி. பெரும் விளம்பரமும் பெரும் ஏமாற்றமும் இதில்தான். லூமோசிட்டி நிறுவனம் தன் ஆட்டங்கள் முதுமை மறதியைத் தள்ளிப்போடும் என்ற தொனியில் விளம்பரம் செய்தது. அதற்குப் போதிய சான்று இல்லையென்று அமெரிக்க வணிக ஆணையம் குற்றம் சாட்டியதால், 2016 ஜனவரியில் 20 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. ‘ஆக்டிவ்’ என்ற பெரிய அமெரிக்க ஆய்வில் கணினிவழி வேகப் பயிற்சி பெற்றவர்களுக்குப் பத்தாண்டுகளில் மறதிநோய் வரும் வாய்ப்பு 29 விழுக்காடு குறைந்ததாக 2017இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் அதில் சேர்ந்த 2,800க்கும் மேற்பட்டோர் அப்போது நோயில்லாத முதியவர்கள். அந்த எண்ணைக் காட்டி, ஏற்கெனவே நோயில் இருக்கும் ஒருவரின் வீட்டாரிடம் செயலி விற்பது நேர்மையாகாது.

இங்கே ஜப்பானிய அனுபவம் ஒன்றைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நின்டெண்டோ டிஎஸ் கருவிக்காக 2005இல் வந்த ‘மூளைப் பயிற்சி’ ஆட்டத்தின் முகமாக இருந்தவர் தோஹோகு பல்கலைக்கழகத்தின் ரியூதா கவாஷிமா. அதற்கு முன்பே அவர் முதியோர் இல்லத்தில் அல்சைமர் நோயாளிகளிடம் சத்தமாக வாசிப்பதையும் எளிய கணக்குப் போடுவதையும் சோதித்திருந்தார். பயிற்சி பெற்றவர்கள் 16 பேர், பெறாதவர்கள் 16 பேர், ஆறு மாதம். மூளையின் முன்பகுதிச் செயல்பாடுகளில் பயிற்சி பெற்றவர்கள் மேம்பட்டதாக முடிவு வந்தது. அந்தப் பயிற்சியின்போது பணியாளர் ஒருவர் எதிரே உட்கார்ந்திருந்தார். விடையைப் பார்த்து, பாராட்டி, நாலு வார்த்தை பேசினார். கையடக்கக் கருவிக்குள் வந்தது கணக்கும் வாசிப்பும். எதிரே உட்கார்ந்தவர் வரவில்லை. விட்டுப்போன அந்த ஆள்தான் மருந்தில் பாதியாக இருந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். பின்னால் வந்த ஆய்வுகள் இந்த ஐயத்தை வலுப்படுத்துகின்றன.

மூன்றாவது வகை, மதிப்பெண்ணுக்காக அல்லாமல் அந்த நேரத்துக்காகவே ஆடப்படுவது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹெஸ்டர் லே ரிஷ் செய்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்த ‘டோவர்டாஃபல்’ சாப்பாட்டு மேசைமீது ஒளியால் இலைகளையும் பூக்களையும் மீன்களையும் விழச்செய்கிறது. கையால் தள்ளினால் இலை நகரும், தொட்டால் மீன் ஓடும். சுற்றி உட்கார்ந்த நாலுபேரும் பேசத் தொடங்குகிறார்கள். அதில் வெற்றியுமில்லை, தோல்வியுமில்லை. நோய் முற்றிய நிலையிலும் சோர்ந்து கிடப்பவரைக் கிளப்பிவிடுவதே நோக்கம். விலை பல ஆயிரம் யூரோ என்பதால் அது நம் வீடுகளுக்கு வரப்போவதில்லை. அதன் எண்ணத்துக்கு விலை இல்லை, அதை எடுத்துக்கொள்ளலாம்.

4. ‘பயனில்லை’ என்று சொன்ன ஆய்வு சொல்லும் பயன்

பராமரிப்பவருக்கு விளையாட்டு என்ன தரும் என்ற கேள்விக்கு எந்தவொரு வீடியோ கேம் ஆய்வையும்விட நெருக்கமானது, கணினியே இல்லாத ஓர் ஆய்வு. அறிதூண்டல் சிகிச்சை என்று சொல்லத்தக்க முறை ஒன்று இங்கிலாந்தில் உருவானது. ஏழு வாரம், வாரம் இரண்டு என 14 அமர்வுகள். குழுவாக அமர்ந்து உணவு, குழந்தைப் பருவம், ஒலி, எண் விளையாட்டு, சொல் விளையாட்டு எனத் தலைப்புக்கு ஏற்ப ஆடுவதும் பேசுவதும். 37 ஆய்வுகளையும் 2,766 நோயாளிகளையும் தொகுத்த 2023ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பீடு, இம்முறை அறிதிறனில் சிறிய பலன் தருகிறது என்கிறது. சென்னையில் ஸ்கார்ஃப் மனநல நிறுவனம் இதைத் தமிழ்ச் சூழலுக்கு மாற்றியமைத்து, ஏற்கத்தக்கதா, நடத்தக்கூடியதா என்று சோதித்து 2017இல் வெளியிட்டது. விழுப்புரத்துக்கு இதைவிட அருகில் இருக்கும் முன்மாதிரி வேறில்லை.

குழுவுக்கு வர முடியாதவர்களுக்கு என்ன செய்வது? வீட்டிலேயே, பராமரிப்பவரே, வாரம் மூன்று முறை, அரை மணி நேரம் இதை நடத்தட்டும் என்று 356 இணைகளை வைத்து இங்கிலாந்தில் ஓர் ஆய்வு நடந்தது. 2017இல் வந்த முடிவு ஏமாற்றமாக இருந்தது. நோயாளிகளின் நினைவாற்றலில் மாற்றமில்லை, வாழ்க்கைத் தரத்திலும் மாற்றமில்லை. ஆய்வின் முதன்மைக் கேள்விக்கு விடை ‘இல்லை’.

அதே ஆய்வில், தன்னைப் பார்த்துக்கொள்பவரோடு உறவு மேம்பட்டதாக நோயாளிகள் சொன்னார்கள். பராமரிப்பவர்களின் வாழ்க்கைத் தரம் ஓர் அளவுகோலில் உயர்ந்தது. அதிக அமர்வுகளை நடத்தியவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் குறைவாக இருந்தன. துணை முடிவுகளை முதன்மை முடிவுபோல் தூக்கிப்பிடிக்கக் கூடாது என்பது புள்ளியியல் ஒழுக்கம், அது எனக்கும் உடன்பாடே. ஆனால் எதை முதன்மையாக வைத்தோம் என்பதே மதிப்பீடு சார்ந்த முடிவுதான். குணப்படுத்த முடியாத நோயில், பல ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் இருக்கப்போகும் இருவருக்கு இடையிலான உறவு இரண்டாம்பட்சம் என்று யார் தீர்மானித்தது? நினைவாற்றல் சோதனையில் கூடும் ஒன்றிரண்டு மதிப்பெண்ணை வீட்டில் யாரும் உணர்வதில்லை. ஒரு மாலை சண்டையில்லாமல் கழிந்ததை எல்லோரும் உணர்கிறார்கள்.

5. புளியங்கொட்டையா, தொடுதிரையா

பழகிய விளையாட்டைக் கொடுத்தால் போதும், பல்லாங்குழியையும் தாயத்தையும் கைப்பேசிக்குள் கொண்டுவந்தால் வேலை முடிந்தது என்பது பலரும் சொல்லும் யோசனை. இதில் பாதி உண்மை இருக்கிறது. அல்சைமர் முதலில் தாக்குவது அண்மை நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்யும் ஹிப்போகாம்பஸ் பகுதியை. கை பழகிய பழக்கம் மூளையின் வேறு பகுதியில் தங்குகிறது, நெடுநாள் தாக்குப்பிடிக்கிறது. காலையில் சாப்பிட்டதை மறந்தவர் பதினான்கு குழிகளிலும் ஒவ்வொரு காயாக விட்டுக்கொண்டு போவதும், நான்கு சேர்ந்த குழியைப் ‘பசு’ என்று அள்ளுவதும் அதனால்தான் முடிகிறது.

மறுபாதி நம் ஏக்கம். ஆர்லின் ஆஸ்டலும் குழுவினரும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், இல்லங்களில் வாழும் 30 நோயாளிகளில் ஒரு பாதியினருக்குப் பழகிய சீட்டாட்டமான சாலிடேர், மறுபாதியினருக்கு முன்பின் அறியாத குமிழி உடைக்கும் ஆட்டம் தொடுதிரையில் தரப்பட்டது. பெரும்பாலோர் தாமாகவே ஆடினார்கள். பழக்கம் இருந்ததா இல்லையா என்பது மகிழ்ச்சியைத் தீர்மானிக்கவில்லை. அதோடு நம்மூரில் பழைய விளையாட்டுகள் எல்லோருக்கும் பொதுவாக இருந்ததில்லை. பல்லாங்குழி பெண்களின் கை. மரக்காணம் உப்பளத்தில் காலமெல்லாம் உழைத்த ஆணுக்கு அதைக் கொடுத்தால் தள்ளிவிடக்கூடும். அவருக்குக் கோயில் மண்டபக் கல்லில் கீறிய ஆடு புலி ஆட்டமோ சீட்டோ பொருந்தலாம். வறுமையில் விளையாடவே நேரமில்லாமல் வளர்ந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கடலைத் தோல் உரிப்பதுதான் கைப்பழக்கம், அதை வைத்தும் ஆட்டம் செய்யலாம்.

அப்படியானால் திரை எதற்கு? உண்மையான தாயக்கட்டையே போதாதா? அது போதுமாக இருக்கும் வீடுகளில் அதுவே நல்லது. திரை மேலாக இருக்கும் இடங்கள் சில உண்டு. நோய் இடைநிலைக்கு வந்த பிறகு கையில் கிடைப்பதை வாயில் போடும் பழக்கம் சிலருக்கு வருகிறது, அப்போது சோழியும் புளியங்கொட்டையும் மூச்சுக்குழலை அடைக்கும் பொருள்கள். இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. தாயத்தில் காயைத் தப்பாக நகர்த்தினால் எதிரே இருப்பவர் ‘இல்லம்மா, ரெண்டு வீடுதான்’ என்று திருத்த வேண்டியிருக்கிறது. நாள் முழுவதும் திருத்திக்கொண்டே இருக்கும் மருமகள் இங்கேயும் திருத்துகிறாள். கேமில் விதியை இயந்திரமே பார்த்துக்கொள்ளும்படி செய்ய முடியும். தவறான இடத்தைத் தொட்டால் ஒன்றும் நிகழாது, சரியான இடம் மெல்ல ஒளிரும். மருமகள் நடுவர் வேலையிலிருந்து விடுபட்டு எதிராட்டக்காரி ஆகிறாள். திரைக்கு நான் ஒப்புக்கொள்ளும் முதன்மையான நியாயம் இது.

திரையின் குறைகளும் சாதாரணமானவையல்ல. உழைத்துக் காய்ந்து தடித்த விரலைத் தொடுதிரை பல நேரம் உணர்வதில்லை. முதியவர்கள் அழுத்திப் பிடிப்பார்கள், உடனே வேறு ஏதோ பட்டியல் திறந்துகொள்ளும். புரை விழுந்த கண்ணுக்குத் திரையின் பளபளப்பு தாங்காது. ஆகவே புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனைக்கு ஒருமுறை போய்வருவது எந்தச் செயலியையும்விட முதலில் செய்ய வேண்டியது. காது கேட்கிறதா என்று பார்ப்பதும் அப்படியே. குரலில் பேசும் ஆட்டங்கள் செய்தி வாசிப்பவரின் தமிழில் ஆணையிட்டால், எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டிக்கு அது யாரோ அதிகாரி வீட்டுக்கு வந்ததுபோல் இருக்கும். வீட்டிலுள்ளவர் குரலையே பதிவுசெய்யும் வசதி வேண்டும்.

6. பார்த்துக்கொள்பவர்

இந்த நோயில் மாலை நேரம் கடினம். பொழுது சாயச்சாயப் பலருக்குப் பதற்றம் கூடுகிறது. ‘வீட்டுக்குப் போகணும்’ என்று சொந்த வீட்டிலிருந்தே கிளம்புகிறார்கள். பராமரிப்பவர் நூறு நாள் வேலையோ வயல் வேலையோ முடித்து வந்து அடுப்பு மூட்டும் நேரமும், பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் நேரமும் அதுதான். வீட்டின் ஒரே ஸ்மார்ட் கைப்பேசி பெரும்பாலும் பிள்ளையின் கையில் இருக்கும். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், பாட்டியோடு ஆடப்போவது பேரனோ பேத்தியோதான். பராமரிப்பு பற்றிய ஆவணங்கள் கண்டுகொள்ளாத பராமரிப்பாளர்கள் இவர்கள். பிள்ளை கேலி செய்துவிடாமலிருக்க, பாட்டிக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்பதை அதற்குப் புரியும்படி ஐந்து நிமிடம் சொல்ல வேண்டும். கேமின் தொடக்கத்திலேயே அதைச் சொல்லலாம்.

பராமரிப்பவருக்கு நோயை உணர்த்தவென்றே சில ஆட்டங்கள் உள்ளன. 2020இல் வந்த ‘பிஃபோர் ஐ ஃபர்கெட்’ இவ்வகையில் கலைத்தரம் உள்ளது. மறதிநோய் வந்த சுனிதா என்ற இந்திய வம்சாவளி விஞ்ஞானியாகவே நாம் அவர் வீட்டுக்குள் நடக்கிறோம், கதவுகள் தடுமாறுகின்றன, பொருள்கள் பெயரிழக்கின்றன. இரவு பகலாகப் பக்கத்தில் இருப்பவருக்கு இந்த உணர்த்தல் தேவையில்லை. சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு, ‘அம்மா போன்ல நல்லாத்தானே பேசுறாங்க’ என்று சொல்லி, தங்கையையும் அண்ணியையும் பொய் சொல்பவர்களாக்கும் மகன்களுக்குத் தேவை. இப்படி ஓர் ஆட்டம் தமிழில் வருமானால் அதற்கான ஆள் அவர்கள்தாம்.

கருவியை மட்டும் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கினால் என்னாகும் என்பதும் தெரிந்ததே. உலக சுகாதார அமைப்பின் ‘ஐசப்போர்ட்’ இணையவழிப் பயிற்சியை இந்தியப் பராமரிப்பாளர்களிடம் சோதித்தபோது, சேர்ந்த 151 பேரில் 55 பேரே முடிவுவரை நின்றார்கள். இத்தனைக்கும் இணையம் பழகியவர்களை நோக்கிய முயற்சி அது. கோவாவிலோ, 81 குடும்பங்களுடன் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், உள்ளூரிலிருந்து பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசினார்கள், பராமரிப்பவர்களின் மனநலம் மேம்பட்டது. வீட்டுக்கு வரும் ஆள் நம்மிடமும் இருக்கிறார். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு வாசலுக்கு வருகிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பது சொற்ப ஊக்கத்தொகை. அதை உயர்த்தாமல் இன்னொரு சுமையை ஏற்றுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

7. கைப்பேசியில் வேறென்ன இருக்கிறது

தமிழ்நாட்டில் ‘ஆன்லைன் கேம்’ என்றதும் வீட்டாருக்கு நினைவு வருவது ரம்மியும் கடனும் தற்கொலைச் செய்தியும். 2022இல் சட்டமன்றம் தடைச் சட்டம் இயற்றி, 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் கிடைக்கும்வரை நடந்த விவாதம் ஊர்த் தேநீர்க் கடைகளிலும் நடந்தது. அந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கக் கூடாது. இலவச ஆட்டங்கள் விளம்பரத்தால் வாழ்கின்றன. எது ஆட்டம், எது விளம்பரம் என்று பிரித்தறியும் திறனே முதலில் போயிருக்கும் ஒருவரின் கையில், வங்கிக் கணக்கோடு இணைந்த கைப்பேசியைக் கொடுக்கிறோம். இணையம் இல்லாமல் இயங்குவது, விளம்பரமே இல்லாதது, ஆடுபவரின் தரவை எங்கும் அனுப்பாதது: இம்மூன்றும் இல்லாத எந்த ஆட்டத்தையும் பொதுச் சுகாதாரத் திட்டம் பரிந்துரைக்கக் கூடாது. சந்தை இதைத் தராது. அரசோ பல்கலைக்கழகமோ செய்து, பொதுவில் வைக்க வேண்டியிருக்கும்.

8. நிறுத்துவது

நோய் நகர்ந்துகொண்டே போகும். சென்ற மாதம் தாயம் விழுந்ததும் கைதட்டியவர் இந்த மாதம் தன் முறை வந்ததை அறியாமல் இருப்பார். அப்போது எண்ணை விட்டுவிட்டு நிறத்துக்கு வரலாம், பிறகு நிறத்தையும் விட்டு, தொட்டால் ஒலிக்கும் மணிக்கும் பாட்டுக்கும் வரலாம். டோவர்டாஃபல் தரும் பாடம் இந்தக் கட்டத்துக்கானது. பயிற்சி தருபவர்கள் இந்த இறங்குபடியை முதல் நாளே வீட்டாருக்குச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், ஆட்டம் கைவிட்டுப் போகும் நாளில் ‘நாம சரியா பழக்கலையோ’ என்று பராமரிப்பவர் தன்னையே குற்றவாளி ஆக்கிக்கொள்வார். எரிச்சலோ அழுகையோ வந்தால் அந்த நொடியே நிறுத்தலாம், ஒரு வாரம் தொடாமல் இருந்தாலும் நோய் அதனால் அதிகமாகாது. இந்த இரண்டு செய்திகளும் ஆட்டத்தின் விதிகளோடு சேர்த்தே சொல்லப்பட வேண்டியவை.

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ இதைச் சோதித்துப் பார்க்க முன்வருபவர்களிடம் நான் கேட்பது ஒன்று. பதிவேட்டில் நோயாளியின் நினைவாற்றல் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போடுங்கள். அதில் பராமரிப்பவரின் தூக்கம், அந்த வாரத்தில் வீட்டில் எழுந்த சண்டைகள், ‘அவங்களோட உட்கார்ந்திருக்கப் பிடிச்சுதா’ என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதில் ஆகியவை இருக்கட்டும். முதன்மை முடிவு எது என்பதை ஆய்வு தொடங்குமுன்பே அந்தக் கட்டத்திலிருந்து தேர்ந்தெடுங்கள்.